காற்றை உள்ளிழுக்கும் இடம்

ஜனவரி 11

ஆதிரை தூங்குகிறாள். அக்காவும் தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் நாயகத்துக்கு இரவு ஷிஃப்ட். எழுத உட்கார எனக்கு இந்த நேரம்தான் வாய்க்கிறது.

பெட்டி இன்று மறுபடி நின்றுபோனது. ஹால் சுவருக்குள் பீரோ மாதிரி நின்று வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப்பைத்தான் அக்கா பெட்டி என்பாள். இப்போது எங்கள் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வெளியே மைனஸ் பதினெட்டு. மூக்கு நுனி சில்லிட்டபோதுதான் சத்தம் நின்றிருப்பது எனக்கு உறைத்தது. சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். முனகிக்கொண்டே கிளம்பியது. அதற்குள் அக்கா ஆதிரைக்கு இரண்டு ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் மாட்டி, மேலே என் பழைய சுங்கடிச் சேலையையும் சுற்றிவிட்டிருந்தாள். ஐந்து மாதப் பிள்ளையின் கண்ணும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன.

"நம்ம ஊருக்கு வந்துட்டா இந்தப் பாடெல்லாம் கெடையாது," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, ஆதிரையிடம் சொன்னாள்.

பிப்ரவரி 22 டிக்கெட். அக்கா இங்கே இருக்க அனுமதித்த ஆறு மாதம் அதோடு முடிகிறது. ஆதிரைக்கும் விசா வந்துவிட்டது. இரண்டு வருஷம் கோவில்பட்டியில் அக்காவிடம் வளர்வாள். அதற்குள் நான் வேலைக்குப் போய்க் கால் ஊன்றிக்கொள்ளலாம். டொராண்டோவில் எங்களுக்குத் தெரிந்தே சிலர் இப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல முடிவு. எல்லோரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

ஜனவரி 12

பெட்டி இன்று நிற்கவில்லை. நிற்கப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் நாள் போய்விட்டது.

ஜனவரி 15

பொங்கல். மின்சார அடுப்பில் பால் பொங்குவதற்குள் பொறுமை போய்விட்டது. அக்கா மட்டும் விடாமல் பக்கத்திலேயே நின்று பொங்க வைத்தாள். பிறகு ஆதிரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டினாள்.

சாம்பிராணிக் கதையை எழுதி வைக்கவேண்டும். அக்கா வந்த முதல் வாரம் படுக்கையறையில் கப் சாம்பிராணி ஒன்றை ஏற்றினாள். மேலே இருந்த புகை அலாரம் கட்டிடமே அதிர அலறியது. எதிர்வீட்டுக்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார். "அப்ப பச்சப்புள்ளக்கித் தல எப்படிட்டி காயும்? சளி கோத்துக்கிடாதா?" என்று அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள். நான் யோசித்துத்தான் வழி கண்டுபிடித்தேன். பெட்டியின் அடிப்பகுதியில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. வீட்டுக் காற்றை அந்த வழியாகத்தான் அது உள்ளே இழுக்கும். அதற்கு அடியில் சாம்பிராணியை வைத்தால் புகை நேராக உள்ளே போய்விடுகிறது, அலாரத்துக்குச் சேதியே போகாது. "இதுக்குத்தான் ஒன்ன இன்ஜினியருக்குப் படிக்க வச்சோம்," என்றாள் அக்கா. அன்றிலிருந்து தினமும் அங்கேதான்.

அதில் இன்னொரு சுகமும் இருக்கிறது. உள்ளே போன வாசத்தைப் பெட்டி எல்லா அறைக்கும் அனுப்பிவிடுகிறது. மாலையில் தலையணையில் முகம் வைத்தால் கோவில்பட்டி வெள்ளிக்கிழமை. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருப்பாள். அக்கா எனக்குத் தலை குளிப்பாட்டி, கவிழ்த்த கூடைமேல் முடியை விரித்துப்போட்டு அடியில் புகை வைப்பாள். நான் கூடையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு தூங்கிப்போவேன். கன்னத்தில் பின்னல் அச்சு விழுந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள். அக்கா அப்போது பத்தாவது முடித்துவிட்டு, எனக்காகவே வீட்டில் இருந்தாள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அத்தானும் அவளும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தி வெகுநாளாயிற்று.

ஜனவரி 19

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை நின்றது. கட்டிட அலுவலகத்துக்கு போன் செய்தேன். அணைத்துப் போட்டால் ஓடுகிறது என்பதால் அவசரக் கணக்கில் வராதாம். பராமரிப்பு ஆள் பிப்ரவரி ஒன்பதாம் தேதிதான் வருவார்.

அதற்குமேல் பொறுக்காமல் நானே பக்கவாட்டுக் கதவைத் திறந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். கட்டிடம் முழுக்க ஒரே தண்ணீர்தான் சுற்றிவருகிறது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் அதிலிருந்து சூட்டை எடுத்துக் காற்றில் ஏற்றிவிடுகிறது. உள்ளே வருகிற குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே போகிற குழாய் அதைவிடக் குளிர்ந்திருந்தது. எனக்குப் பதறிவிட்டது. மறுபடி போன் செய்து, தண்ணீர் சூட்டை இழக்கிறது, உங்கள் பாய்லரில்தான் கோளாறு என்று படபடவென்று சொன்னேன். அந்த ஆள் மரியாதையாகவே கேட்டார்: சூடாக்குகிற பெட்டி தண்ணீரிலிருந்துதானே சூட்டை எடுக்கும், அப்படியென்றால் போகிற தண்ணீர் குளிர்ந்துதானே இருக்கவேண்டும்?

ஆமாம். முதல் வருஷப் பாடம். ஆனால் என் கைக்குத் தெரிந்தது சென்னைப் பாடம். பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கள் ஆபீஸ் கட்டிடத்தில் நான்கு வருஷம் தொட்ட குழாயெல்லாம் குளிரூட்டுகிற குழாய். அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு போகிற தண்ணீர் எப்போதும் சுடும். இங்கே எல்லாம் தலைகீழ்.

அந்த நான்கு வருஷம். கெட்டுப்போவதற்கு முன்பே போய்ப் பார்க்கிற வேலை எங்களுடையது. மாதத்தில் ஒரு வாரம் மாடி மாடியாகப் போவோம். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏணியில் நான் ஏறுவேன். கீழே பிடித்துக்கொள்கிற பிச்சைமுத்து அண்ணன், "மேடம், விழுந்தா மேல விழாதீங்க, பக்கத்துல விழுங்க" என்பார். தினமும் அதே நகைச்சுவை. பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் கூலிங் டவர் நிழலில் டீ. முகத்தில் தண்ணீர்த் துளி தெறிக்கும். என்ன சத்தம் கேட்டாலும் எந்த மாடி, எந்த மெஷின் என்று எனக்குத் தெரியும். அப்போது என்னிடம் யாரும் எதையும் இரண்டாம் தடவை சரிபார்க்கச் சொன்னதில்லை.

ஜனவரி 20

அந்த போனை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

ஜனவரி 27

இன்டர்வியூவுக்குப் போய்வந்தேன். இதே மாதிரி வீட்டுப் பெட்டிகளைப் பராமரிக்கிற கம்பெனி. ஆதிரையை விட்டு இத்தனை நேரம் வெளியே இருந்தது இதுதான் முதல் தடவை. பஸ்ஸில் யாருடைய குழந்தையோ அழுதது. எனக்குப் பால் கட்டிக்கொண்டு வந்தது. கோட்டை இறுக்கிப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தேன்.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி குளிர்காலத்தில் அடிக்கடி தானாக நின்றால் முதலில் எதைப் பார்ப்பாய்? "ஃபில்டரை" என்று கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். ஏன் என்றும் சொன்னேன். அவர்களுக்குத் திருப்தி. மார்ச் முதல் வாரம் சேரலாம் என்கிறார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில்தான் தோன்றியது, என் வீட்டுப் பெட்டியின் ஃபில்டரை நான் திறந்தே பார்க்கவில்லை.

ஆனால் அது அப்படி இருக்க வாய்ப்பில்லை. அக்டோபரில்தான் கட்டிடத்துக்காரர்கள் புதிது போட்டார்கள். சென்னையில் தடுப்பைத் தொட்டாலே விரல் கறுக்கும். இங்கே ஜன்னலே திறப்பதில்லை, தூசிக்கு எங்கே போவது?

வேலை கிடைத்ததை அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். ஆதிரையின் கோடைத் துணிகளைத் தனியாக மடித்து வைக்க ஆரம்பித்தாள். நானும் கூட உட்கார்ந்து மடித்தேன்.

ஜனவரி 28

காலையில் பெட்டி நின்றது. அணைத்துப் போட்டேன், கிளம்பவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போட்டேன். இல்லை. அக்கா சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆதிரை அவள் காலடியில் பாயில் கிடந்தாள்.

தடுப்பைக் கழற்றினேன். ஃபில்டர் எளிதில் வரவில்லை. நெம்பி இழுத்தேன்.

வெள்ளையாக இருக்கவேண்டிய மடிப்பு அட்டை, கழுவாத தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. பழுப்பு, சில இடத்தில் கறுப்பு. தொட்டால் பிசுபிசுத்தது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே காற்றைச் சூடாக்குகிற தகடுகள்மேல் தேன் நிறத்தில் ஒரு படலம். பஞ்சும் முடியும் அதில் சிக்கியிருந்தன. வாசம் அப்படியே ஹாலில் இறங்கியது. இத்தனை மாதச் சாம்பிராணி ஒரே மூச்சில்.

அக்கா மூக்கைச் சுருக்கினாள். "என்னட்டி, நம்ம வீட்டு வாசம்லா அடிக்கி," என்று எழுந்து வந்தாள். வந்து பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

நான் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. சூட்டைக் காற்றுதான் வாங்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். காற்றுக்கு வழியில்லாவிட்டால் சூடு உள்ளேயே தங்கி அழுத்தம் ஏறிவிடும். வெடித்துக் கெட்டுப்போகக் கூடாதென்று பெட்டி தானே நின்றுகொள்ளும். அது பழுது இல்லை. தப்பித்துக்கொள்கிற வழி.

"அப்ப நாந்தான் அடைச்சேனா?"

"இடம் காட்டினது நான்."

"இத்தன நாளும் இந்த ஊரத்தான வஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். வெங்காயம் உரித்த கையோடு நின்றாள். கண்ணிலிருந்து வந்ததை வெங்காயத்தின் கணக்கில் விட்டேன்.

நாயகத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கடைக்கு அனுப்பினேன். அவர் புது ஃபில்டர் வாங்கிவரும் வரை பழைய பல் பிரஷ்ஷால் தகடுகளை மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். வளைந்த தகடுகளை ஊக்கால் நிமிர்த்தினேன். முழங்கை வரை பழுப்பு. மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் முனகல் இல்லாமல் கிளம்பியது. மேலே கையை நீட்டினேன். நல்ல சூடு, நல்ல வேகம். திரும்பியபோதுதான் கவனித்தேன், ஆதிரை பாயிலேயே தூங்கிப்போயிருந்தாள். அத்தனை நேரமும் நான் அவள் மூச்சைப் போய்ப் பார்க்கவில்லை. அக்கா பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 30

பெட்டி நிற்கவில்லை. அக்கா ஆதிரையைக் குளிப்பாட்டி வெறும் துண்டால் தலை துவட்டினாள். வீட்டில் எந்த வாசமும் இல்லை.

பிப்ரவரி 4

இன்று அக்கா ஊருக்குப் பெட்டியடுக்க ஆரம்பித்தாள். ஒரு பாதி அவளுக்கு, ஒரு பாதி ஆதிரைக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இனி வீடு குளிராதுக்கா" என்றேன். சரி என்றாள். "முன்ன மாதிரி நிக்காது." சரி என்றாள்.

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"குளிருக்காவயா புள்ளயக் கூட்டிட்டுப் போறேன்னு நெனச்ச?"

பிறகு நவம்பரைச் சொன்னாள். தொட்டில் பக்கத்தில் நான் நின்றுகொண்டே இருந்ததை. மூச்சு வருதா பாரு, மூச்சு வருதா பாரு என்று அவளை எழுப்பி எழுப்பிக் கேட்டதை. ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கையில இருந்தா இவளுக்கு ஏதாவது ஆயிரும், நீயே கொண்டுபோயிருக்கா" என்று அழுததை.

"அத நான் உம் மாப்பிள்ளட்டக்கூடச் சொல்லல. குளிரு, வேலன்னு வேற காரணம் சொல்லித்தான் எல்லாரையும் சம்மதிக்க வச்சேன்."

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நினைவிருக்கிறது. நவம்பரில் நான் எதுவுமே எழுதவில்லை.

பிப்ரவரி 7

நாயகம் வேலையிலிருந்து வந்து சாப்பிடும்போது கேட்டேன், ஆதிரை போவதில் உங்களுக்கு எப்படி என்று. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ வேலைக்குப் போகணும்னு எவ்வளவு தவிச்சன்னு எனக்குத் தெரியும். குறுக்க நிக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன்." பிறகு ரசம் கேட்டார். ஊற்றினேன். அவர் சாப்பிடவில்லை, நானும் எழவில்லை.

"பயம் முழுசாப் போகலை," என்றேன். "டாக்டர்ட்டச் சொல்லணும். நவம்பர்ல எப்படி இருந்தேன்னு சொல்லணும். ஆனா அனுப்ப மாட்டேன்."

"டாக்டர்ட்ட நானும் வாரேன்," என்றார்.

பிப்ரவரி 9

பராமரிப்பு ஆள் வந்தார். குகனேசன், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, வீட்டில ஆராவது சிகரெட் பத்துறவையோ?" என்றார். சாம்பிராணி என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். "அதுதானே பார்த்தன். எங்கட அம்மா இருந்திருந்தா மெஷினைக் கழட்டி எறிஞ்சுபோட்டுச் சாம்பிராணியை வை எண்டிருப்பா."

தகடுகளை மருந்து தெளித்துக் கழுவினார். நான் அடியில் தட்டுப் பிடித்தேன். தண்ணீர் வருகிற குழாயின் சல்லடையைத் திறந்து கழுவினோம். மின்கம்பி இணைப்புத் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தோம். கோடையில் நீர் வடிகிற தட்டையும் இப்போதே துடைத்துவிடுவோம் என்று நான் சொன்னேன், அவர் சரி என்று ஒதுங்கி வழிவிட்டார். போகிற குழாயைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. இந்தத் தடவை பதறவில்லை.

அவர் போனதும் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, ஆதிரை எங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் ஆதிரையின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையின் நகங்கள் எல்லாவற்றையும் வெட்டி முடித்தாள்.

"அத்தான் அங்க இவ ரூமுக்குப் பெயிண்டு அடிச்சு முடிச்சுட்டாரு," என்றாள். பிறகு அடுத்த கையை எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 12

கம்பெனிக்கு போன் செய்தேன். ஆதிரைக்கு ஒரு வயது ஆகட்டும், செப்டம்பரில் சேரலாமா என்று கேட்டேன். அதுவரை இடத்தைப் பிடித்து வைக்க முடியாது, அப்போது ஆள் தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார்கள். அழுவேன் என்று நினைத்தேன். அழுதேன். பிறகு துணி காயப்போட்டேன்.

பிப்ரவரி 14

அக்கா இன்று என்னிடம் பேசினாள். உப்பு டப்பா எங்கே என்று.

பிப்ரவரி 18

டாக்டரிடம் போனோம். நவம்பரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சின்னதாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஆனால் அவர் ஆச்சரியப்படவில்லை, நிறையத் தாய்மாருக்கு வருகிறது என்றார். வாராவாரம் ஒருவரிடம் போய்ப் பேசவேண்டும். மாத்திரையும் தந்திருக்கிறார். நாங்கள் வெளியே வந்ததும், வீட்டில் ஆதிரையோடு இருந்த அக்கா நாயகத்துக்கு போன் செய்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். எனக்கு இல்லை, அவருக்கு.

பிப்ரவரி 22

அக்கா போய்விட்டாள்.

அவள் பெட்டியில் ஆதிரையின் பாதி காலியாக இருந்தது. ஏதாவது வாங்கி நிரப்பித் தருகிறேன், சாக்லேட், பாதாம் என்று நாயகம் கேட்டார். "காலியாவே போட்டும் தம்பி," என்றாள். விமான நிலையத்தில் கடைசி நிமிஷம் வரை ஆதிரை அவள் தோளில்தான் தூங்கினாள். உள்ளே போகிற நேரம் வந்ததும் என்னிடம் தந்தாள். முத்தம் எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளையின் கழுத்துக்கு அடியில் என் கையை எடுத்துச் சரியாக வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றோம். அவள் திரும்பவில்லை.

மார்ச் 9

அக்கா தினமும் கூப்பிடுகிறாள். நான் சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா, பெட்டி ஓடுகிறதா. ஆதிரையைக் காட்டு என்று மட்டும் ஒரு நாளும் கேட்பதில்லை. நானாகக் காட்டப்போனால், குக்கர் சத்தம் வருகிறது, அத்தான் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவாள். அதனால் நானும் பெட்டியைத்தான் காட்டுவேன். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்டுவிட்டு, ம், நல்லாத்தான் ஓடுது என்பாள்.

இன்று காலை அப்படிக் காட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஆதிரை எழுந்து அழுதாள். நான் அப்படியே நின்றேன். இத்தனை மாதமும் அவள் அழுதால் முதலில் எழுகிறவள் அக்கா. என் கால் இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. போனில் பார்த்தால், அங்கே அக்காவும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள். முகம் தெரியவில்லை, சேலைக் கொசுவம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

"புள்ள அழுவுதுலா, என்ன பாத்துக்கிட்டு நிக்க. போனக் கீழ வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். ஆதிரைக்குப் பசி இல்லை, ஈரமும் இல்லை. எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பழைய பயம் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன், அவள் உடம்பு தளர்ந்து கனக்கும்வரை நடந்தேன். அவளைத் தோளில் போட்டபடியே ஹாலுக்கு வந்தால், அக்கா போனை வைக்காமல் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அமந்துட்டாளா?"

"அமந்துட்டாக்கா."

"நீயே அமத்திட்டியா?"

"ம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போனைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"சரி, இப்பக் காட்டு," என்றாள்.